கணையத்துக்கு ஒரு வெப்பமானி

நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே ஒரு வலி. சாப்பிட்ட பிறகு கூடும். முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க விடாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். இரண்டு நாள் படுத்திவிட்டுப் போய்விடும், சில மாதம் கழித்துத் திரும்பவும் வரும். முதலில் ‘கேஸ்’ என்பார்கள், அடுத்து ‘அல்சர்’ என்பார்கள். எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பை சுத்தமாக இருக்கும். அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால், ‘கணையம் இயல்பாக உள்ளது’ என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். நோயாளி வலியோடு வீட்டுக்குப் போவார். வீட்டில் இருப்பவர்கள் அது மனக்கவலையால் வரும் வலி என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே ஆளை அதே சி.டி. கருவியில் படுக்க வைத்தால் காட்சி வேறாக இருக்கக்கூடும். கணையம் சுருங்கியிருக்கும், நடுவில் ஓடும் குழாய் புடைத்திருக்கும், அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் அடைத்திருக்கும். நாட்பட்ட கணைய அழற்சி என்று இப்போது தயங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் தழும்பேறிப்போன கணையத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து எதுவும் இன்று இல்லை.

அப்படியானால் முதலில் எடுத்த படம் பொய் சொன்னதா?

இல்லை. உறுப்பின் வடிவம் எப்படி இருக்கிறது என்று அதனிடம் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று அது சொன்னது. இந்த நோயோ தொடக்கத்தில் வடிவத்தைத் தொடுவதில்லை. சுவர் வெடிப்பதற்கு வெகு முன்பே செங்கல்லுக்குள் ஈரம் ஏறிவிடுகிறது அல்லவா, அது மாதிரி. வெளிப்பூச்சைப் பார்த்து அந்த ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். கணையத்தின் ‘ஈரத்தை’ வெளியிலிருந்தே அளக்கும் ஒரு முறையைக் கதிரியல் மருத்துவர்கள் சில ஆண்டுகளாக உருவாக்கி வருகிறார்கள். அதற்கு அளவீட்டு எம்.ஆர்.ஐ. என்று பெயர்.

இதில் ‘அளவீடு’ என்ற சொல்தான் முக்கியம். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்க அம்மா நெற்றியில் கை வைக்கிறாள். கை சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அவள் இப்போதுதான் பாத்திரம் துலக்கிவிட்டு வந்திருந்தால், சில்லிட்ட கைக்கு எந்த நெற்றியும் சுடும். பாட்டி கை வைத்தால் வேறு தீர்ப்பு வரும். வெப்பமானியை வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. சென்னையில் 101 என்றால் மதுரையிலும் 101தான், நேற்றைய 101ஐ இன்றைய 99ஓடு ஒப்பிடலாம். இப்போது மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படம் இன்னும் கை வைத்துப் பார்க்கும் நிலையில்தான் இருக்கிறது. அதில் கணையம் வெளுப்பாகத் தெரிகிறதா கறுப்பாகத் தெரிகிறதா என்பது நோயாளியின் பருமன், சமிக்ஞை வாங்கும் சுருள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, கருவியை யார் செய்தார்கள், திரையின் வெளிச்சத்தை யார் எப்படித் திருகினார்கள் என்று பலவற்றைப் பொறுத்தது. பக்கத்தில் உள்ள மண்ணீரலைவிட வெளுப்பா மங்கலா என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். அதற்கு மேல் அந்த வெளுப்புக்கு அலகு கிடையாது.

கணையம் ஏன் இவ்வளவு பிடிகொடுக்காத உறுப்பு என்பதற்கு அது இருக்கும் இடமே பாதிக் காரணம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, வயிற்றின் பின்சுவரில் கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். கல்லீரலைப் போலக் கையால் அழுத்திப் பார்க்க முடியாது. இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று அல்ட்ராசவுண்டு அலைகளை மறித்துவிடும். மருத்துவ உலகுக்கே இது நெடுநாள் புரியாத பொருளாக இருந்தது. அதன் நடுவே ஓடும் குழாயை 1642-இல் இத்தாலியின் பாதுவா நகரில் ஜெர்மானியரான வீர்சுங் கண்டறிந்தபோது, அந்தக் குழாய் எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று அதன் வேலை நமக்குத் தெரியும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சிறு சிறு தீவுகளாக இருக்கின்றன. தீவுகள் போக மீதி, அதாவது உறுப்பின் மிகப் பெரும் பகுதி, செரிமான நீரைச் சுரக்கும் தொழிற்சாலை. ஒரு நாளில் ஒரு லிட்டருக்கும் மேல் சுரக்கிறது. புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் வெட்டிப் போடும் நொதிகள் அதில் இருக்கின்றன. கறியைச் செரிக்கிற நொதி, தானே கறியாக இருக்கும் கணையத்தை ஏன் செரிப்பதில்லை? நொதிகள் உறையில் போட்ட கத்தியாகத்தான் அங்கே தயாராகின்றன. குடலுக்குள் வந்த பிறகே உறை கழற்றப்படுகிறது. பித்தக்கல் வந்து வழியை அடைத்தாலோ, மதுவின் நச்சு ஏறினாலோ, மரபணுவில் பிழை இருந்தாலோ, உறை உள்ளேயே கழன்றுவிடும். கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்பது இப்படித் தன்னையே தின்பதுதான் என்று ஹான்ஸ் கியாரி 1896-இல் பிராக் நகரில் எழுதினார். சரியாக நூறாண்டு கழித்து, பரம்பரையாக இந்த நோய் வரும் குடும்பங்களில் டிரிப்சின் என்னும் நொதியின் மரபணுவில் பிழை இருப்பதை அமெரிக்காவில் விட்கோம் குழுவினர் கண்டுபிடித்தபோது அந்த ஊகம் உறுதியானது.

திடீரென்று பெரிதாக வரும் அழற்சியைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது. தாங்க முடியாத வலி, இரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் நொதி இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல், ஸ்கேனில் வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். தீராத வழக்கு நாட்பட்ட வகையில்தான் இருக்கிறது. சிறு சிறு தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு காயமும் ஆறும் இடத்தில் நார் படிகிறது. இதைச் செய்பவை நட்சத்திர வடிவச் செல்கள். கணையத்தில் இவற்றை 1998-இல்தான் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். வேலை செய்யும் செல் செத்த இடத்தில் வேலை செய்யாத நார் வந்து உட்காருவதைத் தமிழில் நார்மை எனலாம். நோய் முற்றும்போது சுரக்கும் செல்களே குறைந்துவிடுவதால் இரத்தத்தில் நொதி அளவும் ஏறாது. இரத்தப் பரிசோதனையும் ‘நார்மல்’ என்று வந்துவிடும்.

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. மதுவைத் தொட்டே அறியாத சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் கட்டும் நோயைக் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் பல நூறு நோயாளிகளிடம் கண்டு, 1968-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். சிறு வயதில் வயிற்று வலியில் தொடங்கி, வாலிபத்தில் நீரிழிவாகி, நடுவயதைக் காணாமலே முடிந்துபோகும் வாழ்க்கைகளை அவர் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கின் மீது முதலில் பழி விழுந்தது. பின்னால் வந்த சான்றுகள் அதற்கு வலுச் சேர்க்கவில்லை. நொதியை அடக்கி வைக்க வேண்டிய ஒரு காவல் புரதத்தின் மரபணுவில், ஸ்பிங்க்1 என்பது அதன் பெயர், இந்த நோயாளிகள் பலருக்குப் பிழை இருப்பதை ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினார்கள். நோய்க்குப் பின் வரும் நீரிழிவைச் சென்னையில் வி. மோகன் குழுவினர் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 1,086 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குக் காரணமே தெரியவில்லை. ஏறத்தாழ 39 சதவீதத்தினருக்கு மது. அதாவது, குடிக்காதவருக்கு இந்த நோய் வராது என்று எண்ணுவது நம் ஊரில் பெரும் பிழை.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமே என்று தோன்றும். கல்லீரலில் அப்படித்தான் செய்கிறார்கள். கணையத்தில் ஊசி குத்தினால் அதுவே அழற்சியைத் தூண்டிவிடலாம். தவிரவும் நார்மை திட்டுத் திட்டாகப் பரவுவதால், ஊசி நல்ல இடத்தில் குத்திவிட்டு வந்தால் நோய் தப்பிவிடும். எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாய்க்குள் சாயம் ஏற்றிப் படமெடுக்கும் முறை 1968-இல் வந்தது. 1983-இல் கேம்பிரிட்ஜில் கூடிய வல்லுநர்கள் நோயின் படிநிலைகளை வகுத்ததும் அந்தப் படங்களை வைத்துத்தான். ஆனால் அந்தச் சோதனையும் சிலருக்கு அழற்சியைக் கிளப்பிவிடும். இன்னொரு வழி, செக்ரட்டின் என்ற ஹார்மோனை ஏற்றி, சிறுகுடல் வரை குழாய் விட்டு, சுரக்கும் நீரை உறிஞ்சியெடுத்து, அதில் பைகார்பனேட் எவ்வளவு என்று பார்ப்பது. நம்பகமான சோதனை, ஆனால் நோயாளிக்குத் துன்பம். செய்யும் மருத்துவமனைகளும் வெகு சில.

எம்.ஆர்.ஐ. இந்த இடத்தில்தான் நுழைகிறது.

நம் உடலில் பெரும்பங்கு நீர். நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு குட்டிக் காந்தம். எம்.ஆர்.ஐ. குகைக்குள் இருக்கும் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். அதில் படுத்ததும் இந்தக் குட்டிக் காந்தங்கள் புலத்தின் திசையில் சாய்கின்றன. எல்லாம் அல்ல, காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள கருவியில் 10 லட்சத்துக்கு ஏறத்தாழ 5 என்ற அளவில்தான் அந்தத் திசைக்குப் பெரும்பான்மை. ஒரு சொட்டு நீரிலேயே எண்ணிலடங்காத ஹைட்ரஜன் இருப்பதால் அந்தச் சிறு பெரும்பான்மையின் குரலே போதுமானதாகிறது. இவை ஒரு குறிப்பிட்ட தாளத்தில் சுழல்கின்றன. ஊஞ்சல் போகும் தாளத்துக்குத் தள்ளினால்தானே அது ஏறும்? அதே போல, இவை சுழலும் தாளத்துக்கு, 1.5 டெஸ்லாவில் நொடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை, ரேடியோ அலையால் தட்டினால் ஆற்றலை வாங்கிக்கொண்டு சாய்ந்துவிடும். அலையை நிறுத்தியதும் வாங்கிய ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிட்டு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்தத் திரும்பும் நேரத்தைத்தான் அளக்க வேண்டும்.

காபியை நினைத்துக்கொள்ளலாம். ஒரே பாத்திரத்திலிருந்து சூடான காபியை டபராவில் கொஞ்சம், டம்ளரில் கொஞ்சம் ஊற்றுகிறோம். ஊற்றிய கணத்தில் இரண்டும் ஒரே சூடு. டபராவில் உள்ளது அகலமாகப் பரவியிருப்பதால் சீக்கிரம் ஆறும். டம்ளரில் உள்ளது நேரம் எடுக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை மட்டும் குறித்து வந்தாலே எது டபரா, எது டம்ளர் என்று சொல்லிவிடலாம். பாத்திரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஹைட்ரஜனும் ‘ஆறுகிறது’. அது ஆறும் வேகம், அது இருக்கும் சூழலைக் காட்டிக்கொடுக்கிறது. தனியாகத் துள்ளித் திரியும் நீர் மூலக்கூறு மிக வேகமாகப் புரள்வதால் ஆற்றலைக் கைமாற்றிவிடத் தோதான துணை கிடைக்காமல் நெடுநேரம் தவிக்கும். தூய நீருக்கு மூன்று நான்கு நொடிகள் ஆகும். பெரிய புரதங்களை ஒட்டி நிற்கும் நீர் வேகம் குறைந்து புரள்வதால் சட்டென்று கொடுத்துவிடும். கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன் இன்னும் விரைவு. இந்த நேரத்தை டி1 தளர்வு நேரம் என்கிறார்கள். இழந்த நிலையில் 63 சதவீதத்தை மீட்க ஆகும் நேரம் என்பது அதன் துல்லியமான பொருள்.

கருவி செய்வதும் காபிக்குச் செய்ததுதான். ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் படமெடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று கணக்கிட்டு, அந்த எண்ணையே நிறமாக்கி வரைபடமாகத் தருகிறது. மூச்சு விட்டால் கணையம் மேலும் கீழும் நகரும் என்பதால், நோயாளி மூச்சை அடக்கும் சில நொடிகளுக்குள் இது முடிய வேண்டும். கிடைப்பது வெளுப்பு, கறுப்பு அல்ல. மில்லிவிநாடியில் ஓர் எண்.

வரலாற்றில் இது புதுமையா என்றால், ஒரு வகையில் பழைய இடத்துக்குத் திரும்புவதுதான். ரேமண்ட் டமேடியன் 1971-இல் எலியின் புற்றுக்கட்டித் திசுவைச் சோதனைக்குழாயில் வைத்து, அதன் தளர்வு நேரம் நல்ல திசுவைவிட நீளமாக இருப்பதைக் காட்டினார். அப்போது கையில் இருந்தது எண் மட்டுமே, படம் இல்லை. 1973-இல் பால் லாட்டர்பர் அந்தச் சமிக்ஞையைப் படமாக்கும் வழியைக் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை வேகப்படுத்தினார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. படத்தின் அழகில் எல்லோரும் மயங்கியதில் எண் பின்னுக்குப் போய்விட்டது.

கணையத்துக்கும் இந்த எண்ணுக்கும் இயற்கையே ஒரு பொருத்தத்தை அமைத்து வைத்திருக்கிறது. நொதி தயாரிக்கும் செல்களில் புரதம் மண்டிக் கிடக்கிறது. புரதத்தை நெய்யும் உள்வலைப் பின்னல் நிறைந்து கிடக்கிறது. டி1-ஐக் குறைக்கும் மாங்கனீசும் இருக்கிறது. ஆகவே ஆரோக்கியமான கணையத்தின் டி1 குறைவு. அதனால்தான், கொழுப்பின் ஒளியை அடக்கி, டி1 குறைந்த திசுவை வெளுப்பாகக் காட்டும் படங்களில் வயிற்று உறுப்புகளிலேயே பளிச்சென்று தெரிவது அதுதான். அழற்சியில் நீர் கோக்கிறது, நொதிச் செல்கள் சாகின்றன, நார் படிகிறது. மூன்றுமே டி1-ஐ நீட்டுகின்றன. உறுப்பு சுருங்குவதற்கும் கல் விழுவதற்கும் முன்பே இது நடக்கிறது.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டெமெல் டிர்கெஸ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 3 டெஸ்லா கருவியில், நோயில்லாதவர்களின் கணைய டி1 நடு அளவு 797 மில்லிவிநாடி. லேசான நாட்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு 1,099. எல்லையை 900-இல் போட்டால், நோயாளிகளில் நூற்றுக்கு 80 பேரை அந்த எண் சரியாகப் பிடித்தது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 69 பேரை இல்லை என்று சரியாக விட்டது.

இந்த இரண்டாவது எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 69 பேரை விட்டது என்றால் 31 பேரை வீணாகப் பயமுறுத்தியது என்று பொருள். கணக்குக்காக, வயிற்று வலியோடு வரும் 1,000 பேரில் 100 பேருக்கு மட்டும் உண்மையில் இந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 100-இல் 80 பேரை எண் பிடிக்கும். மீதி 900 பேரில் 279 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். ஆக, ‘இருக்கிறது’ என்ற சீட்டு 359 பேருக்குப் போகும். அதில் 80 பேர்தான் நோயாளிகள், நான்கில் ஒருவருக்கும் குறைவு. டி1 மட்டும் வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதை இந்த எளிய கழித்தல் காட்டிவிடுகிறது. ஆய்வாளர்களும் அங்கே நிற்கவில்லை.

முதல் துணை அளவு, செல்லிடை வெளியின் பங்கு. காடோலினியம் என்ற உலோகத்தைக் கொண்ட மருந்தைக் கை இரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். அது செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் மட்டும் பரவும். போன இடத்திலெல்லாம் டி1-ஐக் குறைக்கும். நெருக்கமாக மூட்டை அடுக்கிய கிடங்கில் ஆள் புகச் சந்து குறைவு. மூட்டைகள் காலியாகி வைக்கோல் மட்டும் கிடக்கும் கிடங்கில் சந்து அதிகம். நல்ல கணையம் முதல் வகை, நார்மை ஏறிய கணையம் இரண்டாம் வகை. மருந்துக்கு முன்னும் பின்னும் கணையத்திலும் இரத்தத்திலும் டி1-ஐ அளந்து, இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கையும் கணக்கில் சேர்த்தால், சந்து எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். அதே குழுவினர் 2018-இல் இதையும் டி1-ஐயும் சேர்த்துப் பார்த்தபோது, பிடிப்பது 85 சதவீதமாகவும் சரியாக விடுவது 92 சதவீதமாகவும் உயர்ந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும், திசை நம்பிக்கை தருகிறது.

அடுத்த சிக்கல் கொழுப்பு. வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் கணையத்தில் கொழுப்பு சேரும். கொழுப்பின் டி1 குறைவு. நார்மையின் டி1 அதிகம். இரண்டும் ஒரே இடத்தில் கலந்தால் ஒன்றையொன்று சமன்செய்து, நோயுள்ள கணையத்துக்கு நல்ல எண் வந்துவிடலாம். இதைப் பிரிக்கத் தாமஸ் டிக்சன் 1984-இல் சொன்ன உபாயம் உதவுகிறது. நீரின் ஹைட்ரஜனும் கொழுப்பின் ஹைட்ரஜனும் மயிரிழை வித்தியாசத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழல்பவை. கோயில் பிராகாரத்தை இரண்டு பேர் சற்றே வெவ்வேறு நடையில் சுற்றினால் ஒரு நேரம் தோளோடு தோள் சேர்வார்கள், இன்னொரு நேரம் எதிரெதிர் மூலையில் இருப்பார்கள். சேர்ந்திருக்கும் கணத்தில் இரு சமிக்ஞைகளும் கூடும். எதிராக இருக்கும் கணத்தில் கழியும். 1.5 டெஸ்லாவில் இவை சுமார் 4.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சேர்கின்றன. இரண்டு கணங்களிலும் படமெடுத்துக் கூட்டிக் கழித்தால் நீர் தனி, கொழுப்பு தனி. கணையத்தில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதும் இன்னோர் எண்ணாகக் கையில் கிடைக்கிறது.

மூன்றாவது அளவு, விறைப்பு. உடலை லேசாக அதிரவைத்து, அந்த அதிர்வலை உறுப்புக்குள் எவ்வளவு நீளமாக ஓடுகிறது என்று எம்.ஆர்.ஐ.யால் பார்க்கலாம். விறைத்த பொருளில் அலை வேகமாக ஓடும், அதன் நீளமும் கூடும். 1995-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த முறையை அறிவித்த மாயோ கிளினிக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை. கல்லீரல் நார்மையைக் கண்டறிய இது இன்று பல மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. கணையம் ஆழத்தில் இருப்பதால் அங்கே நொடிக்கு 40 முறை என்ற மென்மையான அதிர்வைப் பயன்படுத்துகிறார்கள், ஆய்வுகள் தொடர்கின்றன.

இவ்வளவு எண்கள் வந்துவிட்டன. அவை சரியான எண்கள்தானா என்று எப்படித் தெரியும்? இந்தத் துறையின் நேர்மையான உழைப்பு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில்தான் செலவாகிறது. வெப்பமானிக்கும் இதே கேள்வி இருந்தது. உடல் வெப்பத்தின் இயல்பு இவ்வளவு என்று ஜெர்மனியில் வுண்டர்லிக் 1868-இல் எழுதுவதற்கு முன் சுமார் 25,000 நோயாளிகளிடம் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. கணையத்துக்கு அந்த அளவு பதிவு இன்னும் சேரவில்லை. சேர்வதிலும் இடைஞ்சல் உண்டு: டி1 காந்தத்தின் வலிமையோடு மாறும். 2004-இல் வெளிவந்த ஓர் அளவீட்டில் ஆரோக்கியமான கணையத்தின் டி1, 1.5 டெஸ்லாவில் 584 மில்லிவிநாடி, 3 டெஸ்லாவில் 725. மேலே சொன்ன இண்டியானா ஆய்வும் 3 டெஸ்லாதான். அங்கே நோயில்லாதவர்களுக்கு 797. காந்தம் ஒன்று, உறுப்பு ஒன்று, எண் வேறு. அளந்த முறை வேறு, ஆட்களும் வேறு. வயது ஏறினாலும் டி1 மாறுகிறது. ஆகவே 900 என்ற எல்லையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறோர் ஊர்க் கருவிக்கு அப்படியே பொருத்த முடியாது.

இதற்குத் தீர்வாக, டி1 முன்கூட்டியே தெரிந்த கரைசல்கள் அடங்கிய ஓர் உருண்டையைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் இதில் பங்கெடுத்தது. உள்ளே நிக்கல் குளோரைடு கரைசல் நிரப்பிய 14 சிறு கோளங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு செறிவு. எந்த மருத்துவமனைக் கருவியிலும் இந்தப் ‘போலி உடலை’ வைத்து எடுத்தால் தெரிந்த எண் வர வேண்டும். வராவிட்டால் பிழை கருவியில். தராசுக்கு எடைக்கல் முத்திரை வைப்பதைப் போன்ற வேலை இது. வெளியில் தெரியாது, ஆனால் இது இல்லாமல் மற்ற எதற்கும் மதிப்பில்லை.

இன்னொரு சரிபார்ப்பு திசுவோடு நேருக்கு நேர் நடக்கிறது. வேறு காரணத்துக்காகக் கணையத்தை வெட்டியெடுக்க வேண்டிய நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு வெட்டியெடுத்த திசுவில் நார் எவ்வளவு என்று நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். செக்ரட்டின் சோதனையில் கிடைத்த பைகார்பனேட் அளவோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுரப்பு குறைந்த கணையங்களில் டி1 சமிக்ஞையும் மங்கியிருந்தது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆதரவில் 2015-இல் அமைந்த ஓர் ஆய்வுக் கூட்டமைப்பின் கீழ் ‘மினிமேப்’ என்ற பெயரில் பல மருத்துவமனைகள் ஒரே நெறிமுறையில் இந்த அளவுகளை எடுத்து, அதே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் திட்டமிட்டன. யாருக்கு டி1 முதலில் நீண்டதோ அவருக்குத்தான் பிறகு கல்லும் சுருக்கமும் வந்ததா என்ற கேள்விக்கு அப்படிப் பின்தொடர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

டி1-இன் ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நீர் கோத்தாலும் அது நீளும், நார் படிந்தாலும் நீளும். ஆறக்கூடிய புண்ணா ஆறாத தழும்பா என்று அந்த ஓர் எண்ணால் பிரித்துச் சொல்ல இயலாது. சந்தின் பங்கு, கொழுப்பு, விறைப்பு, நீர் பரவும் வேகம், உறுப்பின் பருமன் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பிரிவினை ஓரளவு துலங்குகிறது. ஒரு நபரின் எண்ணை ஊராரின் எண்ணோடு ஒப்பிடுவதைவிட, அதே கருவியில் எடுத்த அவருடைய போன ஆண்டு எண்ணோடு ஒப்பிடுவதுதான் இந்த முறையின் உண்மையான பலமாக அமையும். புதிய மருந்து ஒன்று நார்மையைத் தடுக்கிறதா என்று சோதிக்கவும் அதுவே வழி. நோய் நகர்வதை அளக்க முடியாதவரை, மருந்து அதை நிறுத்தியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைய நிலையில் பெரும்பாலான ஸ்கேன் மையங்களின் வழக்கமான அறிக்கையில் கணையத்தின் டி1 எண் இருக்காது. ஆகவே வலியோடு இருப்பவர் ‘இந்த எண்ணைக் கொடுங்கள்’ என்று கேட்டு அலைய வேண்டியதில்லை. முன்னால் குனிந்தால் அடங்கும் மேல்வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்தால், மலம் எண்ணெய்ப்பிசுக்கோடு மிதந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், ஒல்லியான இளம் வயதினருக்குத் திடீரென்று சர்க்கரை ஏறினால், அல்சர் மாத்திரையோடு ஆண்டுகளைக் கடத்தாமல் குடல், கணைய நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்திருந்தாலும் வலி தொடர்வதை அவரிடம் சொல்லுங்கள். மதுவையும் புகையையும் இன்றே நிறுத்துங்கள். இரண்டும் இந்த நோயை விரைவுபடுத்துகின்றன என்பதற்கு எந்த ஸ்கேனும் தேவையில்லாத அளவுக்குச் சான்று இருக்கிறது.